பாயின்டைக் கழற்றும் முன்: பழைய காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தும் முறை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை கையோடு பழகிப்போயிருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலுள்ள இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு, உள்ளே சுற்றும் ரோட்டாரை உருவி எடுத்து, திறந்து மூடும் அந்தச் சின்ன உலோக சுவிட்சை, அதாவது பாயின்டை, நகத்தால் நெம்பிப் பார்ப்பது. ஒரு முகத்தில் குழி, எதிர்முகத்தில் அதே அளவுக்கு மேடு, சுற்றிலும் கருநீலக் கருகல். உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் சில நாள் ஓடும். அப்புறம் மறுபடியும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம், மேட்டில் ஏறும்போது மிஸ்ஸிங்.

இந்தத் தொல்லையிலிருந்து விடுபடத்தான் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்குகிறோம். நல்ல முடிவுதான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிட் பொருத்துவது அரை மணி நேர வேலை, அதற்கு முன் பார்க்க வேண்டியவைதான் அசல் வேலை. நோயுள்ள டிஸ்ட்ரிபியூட்டரை இந்தக் கிட் குணப்படுத்தாது. பாயின்டில் சரியாக ஓடும் காரில் போட்டால்தான் பலன் தெரியும்.

எது மாறுகிறது, எது மாறுவதில்லை

பாயின்ட் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அது மூடியிருக்கும்போது காயிலின் (வோல்டேஜை உயர்த்தும் கம்பிச்சுருள்) முதல்நிலைச் சுற்றில் மின்சாரம் ஓடி காந்தப்புலம் உருவாகிறது. திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிந்து, இரண்டாம்நிலைச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டார் வழியாகப் பிளக்கில் பொறியாகிறது. 1910-இல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த ஏற்பாடு இதே அடிப்படைதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, அந்தச் சின்னப் பாயின்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் 4 ஆம்பியர் அளவு மின்சாரத்தை வெட்டுகிறது. கருகாமல் என்ன செய்யும்?

கருகல்கூடப் பரவாயில்லை. தண்டிலுள்ள மேடான கேமின் மேல் உரசிக்கொண்டே ஓடும் பாயின்டின் குதிகால் தேயத் தேய, இடைவெளி குறையும்; இடைவெளி குறைந்தால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னுக்குப் போகும். நீங்கள் எதையும் தொடாமலே கார் நாளுக்கு நாள் மந்தமாவது இதனால்தான்.

எலக்ட்ரானிக் கிட்டில் அந்த சுவிட்சை டிரான்சிஸ்டர் எடுத்துக்கொள்கிறது. எப்போது திறக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு சென்சார். பெரும்பாலான கிட்டுகளில் தண்டின் மேல் ஒரு காந்த வளையம், பாயின்ட் இருந்த அடித்தட்டில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். சிலவற்றில் ஒளிக்கற்றையை வெட்டும் தட்டு. இரண்டிலும் எதுவும் எதனோடும் உரசுவதில்லை, அதனால் தேய்மானமும் இல்லை. 1973-இல் கிரைஸ்லர் தன் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் பாயின்டை விட்டுவிட்டு எலக்ட்ரானிக்குக்கு மாறியதும் இதற்காகத்தான்.

மாறாமல் அப்படியே இருப்பவை: தண்டு, அதைத் தாங்கும் புஷ், வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸ் எடைகள், ஸ்பிரிங், எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வேக்கம் டப்பா, ரோட்டார், மூடி, பிளக் ஒயர். இவற்றில் எது கெட்டிருந்தாலும் கெட்டது கெட்டதுதான்.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைப் படியுங்கள்

மூடியைக் கழற்றி ரோட்டாரைப் பிடித்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டு கண்ணுக்குத் தெரிய ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. பாயின்டைவிட ஹால் சென்சார் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் காந்த வளையம் சென்சாரில் இடிக்கும் அளவுக்கு ஆடினால் கிட் போட்ட அன்றே உடையும். புஷ் மாற்றியபிறகு கிட் வாங்குங்கள்.

அடுத்து, ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுப்பில் டக்கென்று திரும்பி வர வேண்டும். பசைபோல் மெதுவாக வந்தாலோ, போன இடத்திலேயே நின்றாலோ, உள்ளே அட்வான்ஸ் எடைகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கிடக்கின்றன. சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேக்கம் டப்பாவின் குழாயை வாயால் உறிஞ்சினால் அடித்தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்துப் பிடித்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது.

இப்போது ஒரு சின்ன விஷயம். அடித்தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கு ஒரு விரல் நீளத்தில் பின்னல் ஒயர் ஒன்று போகும். துணியுறை போட்டோ, வெறும் செம்புப் பின்னலாகவோ இருக்கும். வேக்கம் இழுக்கும்போதெல்லாம் தட்டோடு சேர்ந்து இந்த ஒயரும் மடங்குகிறது. பல வருடம் மடங்கி மடங்கி, திருகு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும், உறைக்குள் இரண்டு இழைதான் பிடித்துக்கொண்டிருக்கும். பல கிட்டுகளுக்கு எர்த் கிடைப்பதே இந்தத் தட்டு வழியாகத்தான். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையைத் தட்டிலும் மற்றதை பேட்டரியின் எர்த் முனையிலும் தொட்டு, தட்டை விரலால் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எண் துள்ளினால் அந்த ஒயரை மாற்றாமல் மேலே போகாதீர்கள். மெல்லிய இழைகள் நிறைந்த வளையும் ஒயராகப் போடுங்கள். கெட்டி ஒயர் தட்டின் அசைவைத் தடுக்கும்.

மூடியின் உள்ளே மயிரிழைபோல் கருங்கோடு தெரிந்தால் அது மின்சாரம் ஓடிய விரிசல். மூடியை மாற்றுங்கள். ரோட்டாரும் பழசானால் கூடவே மாற்றிவிடலாம்.

அளந்து எழுதிக்கொள்ள வேண்டியவை

கிட் வாங்கும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எர்த் எந்தப் பக்கம்? பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 1960-களின் பாதிவரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். இடையில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியும் இருக்கலாம், அதனால் புத்தகத்தை நம்பாமல் பேட்டரியை நம்புங்கள். நெகட்டிவ் எர்த் கிட்டைப் பாசிட்டிவ் எர்த் காரில் இணைத்தால், சாவி திருப்பிய நொடியே அது போய்விடும்.

6 வோல்ட்டா 12 வோல்ட்டா? 1950-களின் கார்களில் 6 வோல்ட் சாதாரணம். அதற்குத் தனிக் கிட்.

காயிலின் ஓம் அளவு. காயிலின் இரண்டு சிறு முனைகளிலிருந்தும் ஒயர்களைக் கழற்றி, அந்த இரண்டுக்கும் நடுவே அளங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள், இவ்வளவு சிறிய அளவில் 0.3 ஓம்கூடப் பெரிய வித்தியாசம். 3 ஓம் பக்கம் வந்தால் அது நேரடி 12 வோல்ட் காயில். 1.5 ஓம் பக்கம் வந்தால் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில். கணக்கு எளிது: 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர், 1.5 ஓமால் வகுத்தால் 8 ஆம்பியர். 4 ஆம்பியருக்கு வடிவமைத்த மாடியூல் (டிரான்சிஸ்டர் உள்ள கிட்டின் பெட்டி) வழியாக 8 ஆம்பியர் ஓட்டினால் கொஞ்ச நாளில் கருகும். கிட்டோடு வரும் தாளில் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று போட்டிருக்கும், அதற்குக் கீழே போகாதீர்கள்.

பேலஸ்ட் இருக்கிறதா? இங்கேதான் நான் ஒரு முறை ஏமாந்தேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பேலஸ்ட் என்பது சாவிக்கும் காயிலுக்கும் நடுவே வோல்டேஜைக் குறைக்கும் தடை. சில கார்களில் வெள்ளைப் பீங்கான் கட்டியாக வெளியே தெரியும். பலவற்றில் ஒயரிங் கட்டுக்குள்ளேயே தடை ஒயராக ஒளிந்திருக்கும், பார்த்தால் தெரியாது. சாவியை ஆன் செய்து காயிலின் உள்வரும் முனையில் வோல்டேஜ் பார்த்தேன், 12 காட்டியது. பேலஸ்ட் இல்லை என்று முடிவுகட்டி மாடியூலின் சிவப்பு ஒயரை அங்கேயே இணைத்தேன். கார் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அழகாகப் பிடித்தது, சாவியிலிருந்து கையை எடுத்ததும் அணைந்தது. திரும்பத் திரும்ப அதே கதை.

காரணம் இதுதான். நான் அளந்தபோது பாயின்ட் திறந்திருந்தது. மின்சாரமே ஓடாத கம்பியில் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் 12-தான் காட்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது அளந்திருந்தால் 6 அல்லது 7 என்று உண்மை தெரிந்திருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் பேலஸ்டைத் தாண்டி முழு வோல்டேஜ் காயிலுக்கு வருகிறது, அதனால்தான் அப்போது மட்டும் எஞ்சின் பிடித்தது. ஆகவே எஞ்சினைக் கையால் சுற்றி, பாயின்ட் முகங்கள் ஒட்டியிருக்கும் நிலையில் வைத்து, சாவியை ஆன் செய்து அளங்கள். பேட்டரி வோல்டேஜுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தால் பேலஸ்ட் இல்லை. பாதி அளவில் வந்தால் இருக்கிறது.

பேலஸ்ட் இருந்தால் இரண்டு வழி. மாடியூலுக்கு மட்டும் பேலஸ்டுக்கு முன்னாலிருந்து, சாவியில் ஆன் ஆகும் முழு 12 வோல்ட்டைத் தனி ஒயரில் கொண்டுவந்து, காயிலைப் பழையபடி பேலஸ்ட் வழியாகவே விடலாம். அல்லது பேலஸ்டைச் சுற்றிக்கொண்டு போகும் புது ஒயர் இழுத்து, 3 ஓம் காயில் போட்டு, இரண்டுக்கும் அங்கிருந்தே கொடுக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஒயரிங் எளிமையாக இருக்கும், வழியில் நின்றுபோனால் தேடுவது சுலபம்.

ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். காயிலுக்குப் போகும் ஒயரே மீட்டரின் பின்னால் ஒரு வளையமாகச் சுற்றிப் போனால், அது மின்சாரத் துடிப்பை எண்ணும் பழைய வகை. அவ்வகை மீட்டர்கள் சில கிட்டுகளோடு ஒத்துப்போகாமல் முள் தாறுமாறாக ஆடும். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளக் ஒயர் வெறும் செம்புக்கம்பி வகையாக இருந்தால் மாற்றியாக வேண்டும். அது கிளப்பும் மின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும். தடையுள்ள வகைப் பிளக் ஒயர் போடுங்கள்.

பொருத்தும் வேலை

பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்த வீச்சில் உச்சிக்கு வரும்படி எஞ்சினைச் சுற்றுங்கள். ரோட்டார் மூடியில் முதல் பிளக் ஒயரின் முனையைப் பார்த்து நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் குறுக்கே கூர்மையாக ஒரு கோடு கீறிவிடுங்கள். ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் ஒயர்களை மூடியிலிருந்து உருவவே வேண்டாம், மூடியோடு சேர்த்து ஓரமாகத் தள்ளி வைத்தால் போதும்.

பாயின்டின் திருகைக் கழற்றும்போது, அடித்தட்டின் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். அந்தச் சின்னத் திருகு உள்ளே விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுக்க வேண்டிவரும். காந்த முனை ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நிம்மதி. பாயின்டும் அதன் கருகலைக் குறைக்கும் சிறு டப்பாவான கண்டன்சரும் வெளியே வந்ததும் தட்டைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்குங்கள். எர்த் கிடைக்க வேண்டிய இடம் அது.

மாடியூலைத் தட்டில் வைத்துத் திருகுங்கள். கிட்டோடு வெப்பப் பசை கொடுத்திருந்தால் அடியில் மெல்லிசாகத் தடவுங்கள். காந்த வளையத்தைக் கேமின் மேல் நேராக அழுத்தினால் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு இறங்கும். சாய்வாக அடித்து இறக்காதீர்கள். வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கிட் தாள் சொன்னபடி ஃபில்லர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். 0.75 மி.மீ. பக்கம் கேட்பவை பல. காந்தம் உள்ள இடத்தில் இரும்பு கேஜ் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும், பிளாஸ்டிக் அல்லது பித்தளை கேஜ் நல்லது.

ரோட்டாரை மாட்டிப் பாருங்கள். முன்பு இருந்த அதே உயரத்தில் உட்கார வேண்டும். வளையம் முழுதும் இறங்காமல் ரோட்டார் தூக்கிக்கொண்டு நின்றால், மூடியின் நடுவிலுள்ள கார்பன் முனை நசுங்கிவிடும்.

ஒயர்களைப் பழைய ஓட்டையின் ரப்பர் வழியாக வெளியே எடுங்கள். உள்ளே கொஞ்சம் தளர்வாக விடுங்கள். வேக்கம் குழாயை இன்னொரு தடவை உறிஞ்சி, தட்டு நகரும்போது ஒயர் வளையத்தில் உரசுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள்.

நெகட்டிவ் எர்த் காரில் பெரும்பாலும் சிவப்பு ஒயர் பாசிட்டிவுக்கு, கருப்பு ஒயர் காயிலின் நெகட்டிவுக்கு. காயிலில் கூட்டல், கழித்தல் குறி இல்லாமல் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இருந்தால் முதலாவது சாவிப் பக்கம், இரண்டாவது பாயின்ட் பக்கம். ஜெர்மன் காயில்களில் 15 என்பது சாவிப் பக்கம், 1 என்பது பாயின்ட் பக்கம். நிறம் கிட்டுக்குக் கிட் மாறும், தாளைப் பார்த்துவிட்டே இணையுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வந்து, புதுக்கண்ணோடு ஒயர்களைச் சரிபார்த்து, அதற்குப் பிறகு பேட்டரியை இணையுங்கள்.

டைமிங் வைப்பது

பொருத்திய உடனே கார் ஓடும். அதோடு திருப்தியடைந்து போனெட்டை மூடுபவர்கள் அதிகம், அது தப்பு. பாயின்ட் திறந்த கோணமும் சென்சார் சொல்லும் கோணமும் ஒன்றல்ல. டைமிங் நிச்சயம் நகர்ந்திருக்கும்.

கிராங்க் புல்லியின் குறியில் சாக்பீஸ் தடவுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, வேக்கம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை முதல் பிளக் ஒயரில் மாட்டி, உங்கள் காரின் கையேடு சொல்லும் ஐட்லிங் வேகத்தில் எஞ்சினை வைத்து, அதன் ஒளியைப் புல்லியில் அடியுங்கள். மின்விசிறியில் லைட்டின் ஒயரும் உங்கள் சட்டையும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயின்ட் இருந்த காலத்தில் இதே லைட்டை அடித்துப் பார்த்திருந்தால், வெள்ளைக் கோடு ஓரிரு டிகிரி முன்னும் பின்னும் நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்தக் கோடு ஒரே இடத்தில் கல்லில் வெட்டியதுபோல் நிற்கும். இந்தக் காட்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும். இப்போதும் நடுங்கினால் தேய்மானம் வேறெங்கோ இருக்கிறது: தண்டின் புஷ், அதை ஓட்டும் பல்சக்கரம், அல்லது டைமிங் செயின்.

டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னுக்கு வரும், அதே திசையில் திருப்பினால் பின்னுக்குப் போகும். கையேட்டு அளவில் நிறுத்தி, கிளாம்பை இறுக்கி, இறுக்கியபின் மறுபடி ஒரு முறை பாருங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடுவது சகஜம். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் குறி முன்னோக்கி நகர வேண்டும். நகராவிட்டால் அட்வான்ஸ் எடைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு வேக்கம் குழாயை மாட்டுங்கள்.

டைமிங் சரியானபின் ஐட்லிங் வேகம் ஏறியிருக்கலாம். கார்புரேட்டரைத் தொடுவது அதற்குப் பிறகுதான். டைமிங் வைக்காமல் கார்புரேட்டரைத் திருகினால் இரண்டும் குழம்பும். பிளக் இடைவெளியை உடனே கூட்ட வேண்டாம். கிட் தாளும் காயிலும் அனுமதித்தால் பின்னால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

மாடியூலைக் காப்பாற்ற

எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டு ரேடியோ கேட்பது பழைய கார்க்காரர்களின் வழக்கம். காயில் வழியாக மின்சாரம் தொடர்ந்து ஓடி மாடியூல் சூடாகிச் சாகும். தானாகத் துண்டிக்கும் வசதியில்லாத கிட்டுகளில் இது மிக அதிகம் நடக்கும் சாவு. பொறி வருகிறதா என்று பார்க்க பிளக் ஒயரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள். அந்த உயர் வோல்டேஜுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் மாடியூலுக்குள்ளேயே பாயும். ஒரு உபரி பிளக்கை மாட்டி, அதன் உடலை எஞ்சின் உலோகத்தில் வைத்துப் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஓடும் இக்னிஷனின் அருகே வரவே கூடாது. காரில் வெல்டிங் செய்தால் அதற்கு முன் பேட்டரியையும் மாடியூல் ஒயர்களையும் கழற்றுங்கள். டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் சார்ஜ் 14.5 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் ரெகுலேட்டரைச் சரிசெய்யுங்கள்.

பேட்டரியைப் பற்றியும் ஒன்று. பாயின்ட் இருந்தபோது பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் முனகினால்கூட பொறி வரும். மாடியூல் அப்படியில்லை, ஒரு அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கினால் விழிக்கவே விழிக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்யும் காருக்கு நல்ல பேட்டரியை முதலில் வாங்குங்கள்.

பாயின்ட் மெல்லக் கெடும், வழியில் சரிசெய்து வீடு வரலாம். மாடியூல் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். அதனால் கழற்றிய பழைய பாயின்டையோ, முடிந்தால் புது ஜோடியையோ, ஒரு கண்டன்சரையும் ஃபில்லர் கேஜையும் அந்தச் சின்னத் திருகையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். கூடவே ஒரு சீட்டில் உங்கள் காரின் பாயின்ட் இடைவெளியை எழுதி வையுங்கள். பல நான்கு சிலிண்டர் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு அது 0.35-லிருந்து 0.40 மி.மீ. பாயின்டுக்கு டைமிங் வைத்திருந்த நிலையில் நீங்கள் கீறிய கோடு இருக்கிறது அல்லவா, அதே இடத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் வீடு வந்து சேரும் அளவுக்கு டைமிங் கிடைத்துவிடும். புது நிலைக்கு இரண்டாவது கோடு ஒன்று போட்டு, எது எதற்கு என்று அந்தச் சீட்டிலேயே குறித்துவிடுங்கள்.